பதினான்கு பியானோக்கள்

"எனக்கு வாசிக்கத் தெரிய வேண்டாமுங்க மிஸ். வாங்கத் தெரிஞ்சாப் போதும்."

திருவேங்கடம் வாசலில் நின்றபடியே சொன்னார். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"உள்ள வாங்க சார்" என்றாள் யூனிஸ்.

போத்தனூரில், ரயில்வே குடியிருப்புக்குப் பின்தெருவில் அவள் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் வாசிப்பாள். மற்ற நாட்களில் முன்னறையில் பியானோ சொல்லிக்கொடுப்பாள். வயது முப்பத்து மூன்று. திருவேங்கடத்துக்கு ஐம்பத்தாறு. தன்னைவிட இத்தனை சின்னவளிடம் பாடம் கேட்க வந்திருப்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. அவருக்கு அவசரம்.

பம்பு கம்பெனியில் இருபத்தொன்பது வருடமாக அவருக்கு ஒரே வேலை. கடைசிச் சோதனை. அங்கிருந்து வெளியே போகும் ஒவ்வொரு மோட்டாரும் அவர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். குறை இருந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டுவார். குறை இல்லாவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். தள்ளி வைத்துவிட்டு அடுத்ததை இழுப்பார்.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வலது கால் தானாக ஆடத் தொடங்கியது.

"டிஜிட்டல் பியானோ ஒண்ணு வாங்கோணுமுங்க. லேப்டாப்புல பியானோ சாஃப்ட்வேர் இருக்குதில்லைங்களா, அதோட சேர்த்து வாசிக்கறதுக்கு. பதினோரு வாரமாத் தேடறேன். ஒண்ணும் சரியில்லைங்க."

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். பதினான்கு பியானோக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும், பார்க்க வேண்டிய அம்சத்துக்கு ஒன்றாக, இருபத்திரண்டு கட்டங்கள்.

யூனிஸ் புரட்டிப் பார்த்தாள். பதினான்கு பக்கத்திலும் குறுக்கே சிவப்புக் கோடு.

"எல்லாத்தையும் அடிச்சிருக்கீங்க."

"எல்லாத்துலயும் ஒரு குறை இருக்குதுங்க."

அவள் மேசைமேல் கிடந்த பென்சிலை எடுத்தாள். ஸ்பீக்கர் எத்தனை, அடித்தாள். உள்ளே எத்தனை விதமான சத்தம், அடித்தாள். தாளக்கட்டு, அடித்தாள். இருபத்திரண்டில் பதினெட்டு போயிற்று.

திருவேங்கடம் பதறிப்போய் எழுந்தார்.

"சத்தம் லேப்டாப்புல இருக்கு சார்" என்றாள் யூனிஸ். "எங்கியோ ஒரு ஹால்ல நிஜப் பியானோவை வச்சு, ஒவ்வொரு கட்டையா அடிச்சுப் பதிவு பண்ணியிருக்காங்க. அதுதான் அந்த சாஃப்ட்வேர். நீங்க வாங்கப் போறது வெறும் கட்டைங்கதான். எந்தக் கட்டை இறங்குச்சு, எவ்வளவு வேகமா இறங்குச்சு. இதை லேப்டாப்புக்குச் சொல்லணும். அவ்வளவுதான் அதுக்கு வேலை."

மிஞ்சியது நான்கே கட்டம். கட்டைகளின் கனம். அவற்றுக்கு அடியில் இருக்கும் சென்சார். பாதி மிதித்தால் பாதி என்று புரிந்துகொள்ளும் பெடல். லேப்டாப்புக்குப் போகும் வயர்.

திருவேங்கடத்துக்கு மூச்சு இலேசானது. அரை நிமிடம்தான்.

"அப்ப இந்த நாலையும் வச்சுப் பார்த்தா எதுங்க ஒசத்தி?"

யூனிஸ் எழுந்துபோய்த் தன் டிஜிட்டல் பியானோவின் மூடியைத் திறந்தாள். கம்பெனி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கருப்பு டேப் ஒட்டியிருந்தது.

"இது எந்தக் கம்பெனிங்க?"

"உட்காருங்க. ஒரு கட்டையை அழுத்துங்க."

அழுத்தினார். சத்தம் வரவில்லை. இன்னொன்றை அழுத்தினார். குனிந்து ஸ்விட்சைப் பார்த்தார்.

"ஆஃப்ல இருக்குதுங்க மிஸ்."

"ஆன்லதான் இருக்கு. சத்தத்தை மட்டும் நிறுத்தி வச்சிருக்கேன்."

"அப்புறம் எதை வச்சுங்க நல்லது கெட்டது பார்க்கறது?"

"கையை வச்சு."

அவர் ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டே போனார். அடுத்த தெருவுக்கு அப்பால் ரயில் ஒன்று போய், ஜன்னல் கம்பி அதிர்ந்து நின்றது. கடைசிக் கட்டை வந்ததும் நிமிர்ந்தார். முகத்தில் ஒரு தெளிவு.

"நடுவுல ஒரு கருப்புக் கட்டை லேசா ஆடுதுங்க. மேல்பக்கம் ரெண்டு கட்டை இறங்கறப்ப டொக்குன்னு கேக்குது. இடது ஓரத்துல ஒண்ணு மேல வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாகுது."

"சரியாத்தான் சொல்றீங்க. நல்லது என்ன இருக்கு?"

"மத்த கட்டைங்கள்ல குறை இல்லைங்க."

"நான் அதைக் கேக்கலை."

அவர் மறுபடி பியானோவைப் பார்த்தார். என்ன கேட்கிறாள் என்று புரியவில்லை.

"மூணு கடைக்குப் போங்க" என்றாள். "ஒவ்வொரு கடையிலயும் ஒரு பியானோ. சத்தத்தை நிறுத்தச் சொல்லிட்டுப் பத்து நிமிஷம் கையை வச்சுப் பாருங்க. ஒவ்வொண்ணுலயும் நல்லது ஒண்ணே ஒண்ணு எழுதிட்டு வாங்க."

*

கிராஸ்கட் ரோட்டுக் கடையில் இருந்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சத்தத்தை நிறுத்திட்டு எதைங்க கேக்கப் போறீங்க?"

திருவேங்கடம் கட்டைமேல் கையை வைத்தார். இரண்டு நிமிடம் ஆனது. மற்ற கடையில் இதைவிட நல்லது இருக்குமோ என்று தோன்றியது. செல்போனை எடுத்து, யார் யாரோ முகம் தெரியாதவர்கள் எழுதியிருந்ததைப் படித்தார். அதில் ஒருவர் மூன்று சென்சார் வேண்டும் என்றார். அடுத்தவர் இரண்டே போதும் என்றார். மூன்றாமவர், கட்டையை அழுத்துவதற்கும் லேப்டாப்பில் சத்தம் வருவதற்கும் நடுவே எத்தனை மில்லி செகண்ட் என்று பாருங்கள் என்றார். அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார். அங்கே போனதும் முதல் கடைக்குத் திரும்ப வேண்டும் போலிருந்தது.

சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு மறுபடி போனைப் பார்த்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

நான்காம் நாள் யூனிஸிடம் வந்தபோது மூன்று பக்கம் நிறைய எழுதியிருந்தார். அவள் முதல் வரியைப் படித்தாள். கடைசி வரியைப் படித்தாள். நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"மூணு பக்கமும் குறைதான் சார். மறுபடி போங்க."

"டைம் இல்லைங்க மிஸ்!"

குரல் உயர்ந்துவிட்டது. அவருக்கே கூச்சமாக இருந்தது. குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

"பதினெட்டாந்தேதி பொண்ணு வர்றாளுங்க. அதுக்குள்ள வீட்ல இருக்கோணும்."

யூனிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"பியானோ அவங்களுக்கா?"

"ஆமாங்க."

"இதை நீங்க மொதல்லயே சொல்லலையே."

"நீங்க கேக்கலைங்களே."

"இப்பக் கேக்கறேன்."

*

மகள் பெயர் மித்ரா. இருபத்தைந்து வயது. புனேயில் வேலை. அடுத்த மாதம் கனடா போகிறாள், குறைந்தது ஐந்து வருடம். போவதற்கு முன் ஒன்பது நாள் வீட்டில் இருப்பாள்.

"சின்னதுல வாசிச்சுட்டு இருந்தாளுங்க. ஏழு வயசுல இருந்து பதினஞ்சு வரைக்கும். வீட்லயே பழைய பியானோ ஒண்ணு இருந்துச்சு."

"அப்புறம்?"

"நிறுத்திட்டா."

"ஏன்?"

"படிப்புங்க. பத்தாவது."

யூனிஸ் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். திருவேங்கடத்தின் கால் ஆடியது. கையால் முழங்காலைப் பிடித்து நிறுத்தினார். கையை எடுத்ததும் மறுபடி ஆடியது.

"டெய்லி சாயங்காலம் அவ வாசிக்கறப்ப நான் பின்னாடி சேர் போட்டு உட்காருவனுங்க" என்றார். "பாட்டுப் புஸ்தகத்தைப் பார்த்துட்டே இருப்பேன். எங்கெங்க தப்பு வருதோ அங்க பென்சில்ல ஒரு சுழி. முடிச்சதும் காட்டுவேன். அவளுக்கு ஒத்தாசையாத்தானுங்க செஞ்சேன். எட்டு வருஷம், ஒரு நாள் விட்டதில்லை."

"ம்."

"ஒரு நாள் பாதி வாசிச்சுட்டு இருந்தவ, மூடியைச் சாத்திட்டு எந்திரிச்சுப் போயிட்டா. கோபமா எல்லாம் இல்லைங்க. மெதுவாத்தான் சாத்தினா. அப்புறம் தொடவே இல்லை. மூணு வருஷம் சும்மா கெடந்துச்சு. யாருக்கோ கொடுத்துட்டோம்."

யூனிஸ் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்கவில்லை.

"இப்ப ஏன் வாங்கறீங்க?"

"ரெண்டு மூணு மாசம் முன்னாடி அவங்கம்மாவுக்கு ஒரு வீடியோ அனுப்பிச்சிருந்தா. எனக்கில்லை, அவளுக்கு. சமையல்கட்டுல அவ போட்டுக் கேட்டுட்டிருந்தா. நான் ஹால்ல இருந்தேன். லேப்டாப்புல பியானோ சாஃப்ட்வேர் போட்டு, டைப் அடிக்கற கட்டையிலயே தட்டித் தட்டி வாசிச்சிருக்காளுங்க. பத்து வருஷம் கழிச்சு. பியானோ இல்லாம, டைப் அடிக்கற கட்டையில."

தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்:

"நடுவுல ஒரு எடத்துல தப்பு. ஹால்ல இருந்தே சொல்ல வந்துட்டேன். வாய் வரைக்கும் வந்துருச்சு."

"சொன்னீங்களா?"

"இல்லைங்க. அன்னைக்கு மத்தியானமே தேட ஆரம்பிச்சுட்டேன். அவ வர்றப்ப ஒரு குறையும் இல்லாத மெஷினா இருக்கோணும். அதான்."

*

யூனிஸ் லேப்டாப்பைத் திறந்து வயரைச் செருகினாள். கட்டையைத் தொட்டதும் பெரிய பியானோ ஒன்றின் சத்தம் அறையை நிறைத்தது. திரையில் ஓர் எண் தோன்றி மறைந்தது.

"கட்டை இறங்கற வேகம் இது" என்றாள். "ஒண்ணுல இருந்து நூத்து இருபத்தேழு வரைக்கும். வாங்க, பத்துக்குக் கீழ ஒரு சத்தம் கொண்டுவாங்க."

திருவேங்கடம் உட்கார்ந்தார். எண்கள் அவருக்குப் பழக்கமானவை. அழுத்தினார்.

எண்பத்தெட்டு.

மறுபடி. தொண்ணூற்று மூன்று. எழுபத்தொன்பது. எண்பத்தாறு.

"மோட்டார் ஸ்விட்சைப் போடற மாதிரி அழுத்தறீங்க சார்."

"எப்படிங்க அழுத்தறது?"

"தெரியலை. உங்க விரல் உங்களுக்குத்தான் தெரியும்."

ரொம்ப மெதுவாக அழுத்தினார். சத்தமே வரவில்லை. கொஞ்சம் வேகம் கூட்டினார். அறுபது. பற்களைக் கடித்தார். எழுபத்திரண்டு. எழுந்து ஜன்னல்வரை போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார். தோளில் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. யூனிஸ் ஏதோ காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்க்கவே இல்லை.

நாற்பத்தொன்று. ஐம்பத்தைந்து. முப்பது. சத்தமில்லை. சத்தமில்லை. இருபத்தேழு.

எத்தனை தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டார். எப்போதோ கால் ஆடுவது நின்றிருந்தது.

ஒன்பது.

தூங்குகிற குழந்தை புரண்டு படுத்தால் வருமே, அந்த அளவுக்கு ஒரு சத்தம். அது கரைந்து முடியும்வரை அவர் விரலை எடுக்கவில்லை.

"நல்லா இருக்குதுங்க" என்றார்.

சொன்னவர் திடுக்கிட்டுத் தன் கையைப் பார்த்தார். அந்த வார்த்தையைக் கடைசியாக எதற்குச் சொன்னோம் என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

"எழுதிக்கோங்க" என்றாள் யூனிஸ்.

நோட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினார்.

*

மறுபடி மூன்று கடைக்கும் போனார். இந்த முறை செல்போனை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போனார். கடைக்காரர் ஏதோ கேட்டார்; அவர் காதில் விழவில்லை.

பதினான்காம் தேதி காலை யூனிஸின் வாசலில் நின்றார். நோட்டில் மூன்றே வரிகள்.

ஒன்று: விரல் வைத்தாலே இறங்கிவிடுகிறது, கேட்கக்கூட வேண்டாம்.

இரண்டு: கூடவே நடந்து வருகிறது.

மூன்று: எதிர்த்து நிற்கிறது, ஆனால் ஏமாற்றவில்லை.

யூனிஸ் நிதானமாகப் படித்தாள். முதல் முறையாகச் சிரித்தாள்.

"மூணும் நல்ல பியானோதான். பெடல், வயர் எல்லாம் சரியா இருக்கு. எதை வாங்கினாலும் சாஃப்ட்வேரோட ஒத்துப்போகும்."

"அப்படிச் சொல்லாதீங்க மிஸ்." பழைய பதற்றம் ஓடிவந்து தொற்றிக்கொண்டது. "ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க. இன்னைக்கே எடுத்தாத்தான் பதினெட்டுக்குள்ள மாட்டி வைக்க முடியும்."

"சொல்றேன். ஒண்ணு லேசு. ஒண்ணு நடுத்தரம். ஒண்ணு கனம். சாஃப்ட்வேர்லயும் இதே மாதிரி மூணு விதம் இருக்கு, வாசிக்கறவங்க கைக்குத் தகுந்த மாதிரி வைக்கணும்." நோட்டை மூடினாள். "உங்க பொண்ணு விரல் எப்படி?"

"தெரியுங்களே" என்றார் உடனே. "வலது கை நாலாவது விரல் பலம் பத்தாது. ஏறி வர்றப்ப அவசரப்படுவா. பக்கம் திருப்பற எடத்துல தாளம் போயிரும். இடது கையில—"

"தப்பு எங்க வரும்னு நான் கேக்கலை. கட்டையை எப்படித் தொடுவாங்க? தடவற மாதிரியா? அழுத்தியா?"

திருவேங்கடம் வாயைத் திறந்தார்.

எட்டு வருடம். தினமும் ஒரு மணி நேரம். அவள் முதுகு நினைவுக்கு வந்தது. பின்னல் நினைவுக்கு வந்தது. புத்தகத்தில் தான் போட்ட சுழிகள் ஒவ்வொன்றும், எந்தப் பக்கம், எந்த வரி என்பதுகூட நினைவுக்கு வந்தது.

"அந்த வீடியோவைப் பார்த்தாத் தெரியுமுங்களா?"

"தெரியாது. டைப் அடிக்கற கட்டையில மெல்லத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் ஒரே சத்தம்தான்."

அவர் எழுந்து வெளியே வந்தார். தெருமுனைவரை நடந்தார். அங்கிருந்து ரயில்வே மேம்பாலம்வரை நடந்தார். வெயில் ஏறியிருந்தது. படியில் ஏறினார், பாதியில் இறங்கினார், மறுபடி ஏறினார். மனைவிக்குப் போன் செய்தார்.

"சாந்தாமணி, மித்ரா பியானோ வாசிச்சாளே, அவ விரல் எப்படி இருக்கும்? லேசாவா, கனமாவா?"

சாந்தாமணி அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியுமுங்க" என்றாள். "ஆனா நான் சொல்ல மாட்டேன். அவளையே கேளுங்க. அவகிட்ட நீங்களாப் பேசி எட்டு மாசமாச்சு."

வைத்துவிட்டாள்.

கீழே சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. பெட்டிகளை எண்ணத் தொடங்கினார். முப்பத்து நான்கில் விட்டுவிட்டார். மகளின் எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. எடுக்காமல் இருந்தால் நல்லது என்று ஒரு கணம் தோன்றியது.

"அப்பா? என்னப்பா? அம்மாவுக்கு ஏதாவது—"

"அம்மா நல்லா இருக்கா. ஒண்ணுமில்லை. சும்மாதான் பண்ணினேன்."

"சும்மாவா?"

"ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்கப்பா."

மேம்பாலத்தின் கம்பி சுட்டது. அதைப் பிடித்துக்கொண்டார்.

"நீ பியானோ வாசிக்கறப்ப கட்டையை எப்படித் தொடுவே? மெதுவாவா? அழுத்தியா?"

பதில் வரவில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று செல்போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். போகவில்லை. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்தார்.

"எப்பப்பா?" என்றாள் மித்ரா. "நீங்க வீட்ல இருக்கும்போதா, இல்லாதப்பவா?"